திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல்



இங்கிலாந்தின் வடகீழ்க் கரையிலே ஹாட்டில்பூல் என்றொரு துறைப்பட்டினம் உண்டு. அங்கே பழைய கற்றுறை ஒன்றனுள் மூன்று பாய்மரங்களோடு ஒரு போர்க்கப்பல் மிதந்துகொண்டிருக்கின்றது. அதன் பெயர் 'ட்றிங்கோமலி'. நம்முடைய திருகோணமலையே ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு திரிந்தது. 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆந் திகதி நீரில் இறக்கப்பட்ட கப்பல் அது. நெல்சனுடைய 'விக்டறி' அதனினும் மூத்ததாயினும், அது நீரற்ற துறையிலே நிலையாக நிறுத்தப்பட்டிருப்பது. இன்றும் நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மூத்தது இதுவே.

பெயர் நம்முடையது. கப்பல் ஆங்கிலேயருடையது. ஆயின், அதைக் கட்டியவர் யாவர்? அது பிறந்த இடம் இங்கிலாந்தும் அன்று, திருகோணமலையும் அன்று. பம்பாய்க் கடற்படைத் துறையிலே, பார்சிக் குடும்பத்தார் ஒருவரின் முழக்கோலின்கீழ், மலையாள நாட்டுத் தேக்கினால் உருவானது அது. அந்தப் பம்பாய்த் துறையின் கதையையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

முதலில் ஒரு கேள்வி எழுதல் இயல்பு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலை என்று சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். அவ்வாறாயின் அங்கே கட்டாமல் பம்பாயிலே கட்டுவானேன்?

1782ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார். ஓகஸ்ட் முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரென் அதைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3ஆந் திகதி துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் பொருதின. வெற்றி இன்னார்க்கென்று சொல்ல முடியாத போர் அது. இரு பக்கத்துக் கப்பல்களும் பாய்மரம் முறிந்து உடல் கிழிந்து நின்றன. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஆனால் வாடைக்காலம் நெருங்கிவிட்டது. வாடைக்காற்றிலே சோழமண்டலக் கரையில் கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. சென்னைக்கு அந்நாளில் துறைமுகமும் இல்லை. ஆகவே சிதைந்த கப்பல்களோடு இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய் சென்றே அவர் அவற்றைச் செப்பனிட வேண்டியதாயிற்று. திருகோணமலையை வைத்திருப்பவன் கீழைக் கடலைக் காப்பான். ஆனால் உடைந்த கப்பலை மீண்டும் போருக்கு அனுப்பவல்லது பம்பாய் ஒன்றே என்பது அவ்வாண்டில் நன்கு விளங்கிற்று.

இதற்குக் காரணம் கடலின் வற்றுப்பெருக்கு. நீராவிப் பம்புகள் இல்லாத காலத்தில் உலர்துறையிலிருந்து நீரை வடிப்பது எவ்வாறு? கரையைக் குடைந்து கற்சுவர் எழுப்பி, கடற்பக்கத்தில் கதவு வைப்பர். பெருக்கின்போது கதவைத் திறந்து கப்பலை உள்ளே மிதக்கவிடுவர். வற்றின்போது நீர் தானே வெளியேறும். உடனே கதவை அடைத்துவிடுவர். கப்பலின் அடிவயிறு வெளியே தெரியும். ஓடாவிமார் வேலையைத் தொடங்குவர். கடலே பம்பின் தொழிலைச் செய்துவிடுகின்றது. பம்பாயிலே கடற்பெருக்கு மிகுந்த நாட்களில் நீர்மட்டம் ஏறக்குறைய 14, 15 அடி ஏறி இறங்கும். திருகோணமலையிலோ அது 2 அடி அளவே. ஆழமும் அமைதியும் நிறைந்த நம் துறைமுகத்துக்கு இயற்கை அளிக்காத வசதி இது. துறைமுகம் வேறு, கப்பல் கட்டும் துறை வேறு என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

பம்பாயின் முதலாவது உலர்துறை 1750ஆம் ஆண்டளவில் அமைந்தது. ஆசியாவில் இத்தகைய துறை அதற்கு முன் இருந்ததில்லை என்பர். அதனையடுத்து மேலும் இரண்டு துறைகள் தோன்றின. இம்மூன்றுக்கும் பின்னால் நின்றவர் லவ்ஜி நசர்வான்ஜி என்னும் பார்சித் தச்சர்.

லவ்ஜி சூரத்து நகரத்தவர். அங்கே ஒரு கப்பற் பட்டடையில் மேற்பார்வைத் தச்சராக இருந்தார். கிழக்கிந்தியக் கொம்பனி அப்பட்டடையிலே ஒரு கப்பலைக் கட்டுவித்தது. அதைப் பார்வையிடச் சென்ற அதிகாரிக்கு லவ்ஜியின் கைத்திறன் பிடித்துப்போயிற்று. பம்பாய்க்கு வருமாறு அழைத்தார். லவ்ஜியோ, கையிலுள்ள கப்பலை முடித்து ஒப்படைக்கும்வரை தம் எசமானை விட்டு வர மறுத்துவிட்டார். அது முடிந்த பின்னரே, 1736ஆம் ஆண்டில், சில தச்சர்களையும் உடன் அழைத்துக்கொண்டு பம்பாய் வந்துசேர்ந்தார். அன்று தொடங்கி, 1884இல் அக்குடும்பத்தின் கடைசித் தலைமைக் கட்டுநர் ஓய்வுபெறும்வரை, ஏறக்குறைய 150 ஆண்டுகள் அத்துறையின் முழக்கோல் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. 'வாடியா' என்பது குடும்பப் பெயராகி நிலைத்துவிட்டது. கப்பல் கட்டுபவர் என்பதே அதன் பொருள்.

லவ்ஜிக்குக் கொம்பனியார் வெள்ளியினாற் செய்த முழக்கோல் ஒன்றைப் பரிசளித்தனர். தச்சனுக்கு அதனினும் பொருத்தமான பரிசு வேறென்ன இருக்க முடியும்! ஆனால் 1774இல் அவர் இறந்தபோது விட்டுச் சென்றது ஒரு வீடும், 20,000 ரூபாவுக்குக் குறைந்த பணமுமே. 38 ஆண்டுகள் கொம்பனியின் கப்பல்களைக் கட்டியவருடைய செல்வம் அவ்வளவுதான். தம் பேரர்களான பிராம்ஜி, ஜம்செத்ஜி ஆகிய இருவரையும் அவர் மேசைக்கு முன் அமர்த்தவில்லை. மாதம் 12 ரூபாச் சம்பளத்துக்குச் சாதாரணத் தச்சர்களாக வேலை செய்யவிட்டார். உளிபிடித்த கையே பின்னர் முழக்கோல் பிடிக்கவேண்டும் என்பது அவர் கொள்கைபோலும்.

இனி, மரத்துக்கு வருவோம். இக்கதையில் மனிதருக்கு அடுத்த இடம் தேக்குக்கே உரியது; ஒருவேளை முதலிடமே உரியதாகலாம். ஆங்கிலத்தில் இம்மரத்துக்கு வழங்கும் சொல்லே நம் 'தேக்கு' என்னும் சொல் போர்த்துக்கேயர் வாயிலாகச் சென்றதுதான்.

இங்கிலாந்தின் கப்பல்கள் ஓக் மரத்தால் ஆனவை. நெப்போலியனோடு நிகழ்ந்த நீண்ட போரிலே கட்டிய கப்பல்களுக்கு அந்நாட்டு ஓக் போதவில்லை. ஓக்கில் உள்ள ஒருவகைப் புளிப்புச்சத்து அதில் அறைந்த இரும்பாணியை அரித்துவிடும். தேக்கிலோ எண்ணெய்ச் சத்து உண்டு. அது ஆணியைக் காக்கும், செல்லையும் அண்டவிடாது. பீரங்கிக் குண்டு பட்டால் ஓக் கூரிய சிம்புகளாகச் சிதறி மாலுமிகளைக் கொல்லும். அக்காலக் கடற்போர்களிலே குண்டினால் இறந்தோரைவிடச் சிம்பினால் மாண்டோரே பலர். தேக்கு அவ்வளவு சிதறுவதில்லை என்பது அக்காலத்தார் கண்டது. ஓக் கப்பலைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தேக்குக் கப்பல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் என்று கொம்பனி அதிகாரிகள் கணக்குச் சொன்னார்கள். தம் பொருளுக்குச் சந்தை தேடியவர்களின் கணக்காதலின் அதைச் சற்றுக் குறைத்தே கொள்ளலாம். ஆயினும் 200 ஆண்டு கடந்தும் மிதக்கும் ஒரு கப்பல் நம் கண்முன் சான்றாக நிற்கின்றது.

கட்டும் முறையிலும் வேற்றுமை இருந்தது. ஐரோப்பாவில் பலகைகளை அருகருகே வைத்து, இடைவெளியில் சணல் நாரை அடைத்து, கீல் பூசுவர். நம்மவர் கலப்பற்று என்று சொல்லும் தொழில் இது. மேற்கிந்தியத் தச்சர்களோ ஒரு பலகையின் விளிம்பில் வெட்டிய பள்ளத்தில் அடுத்த பலகையின் விளிம்பு பொருந்துமாறு இழைத்து, இடையிலே பஞ்சும் குங்கிலியமும் வைத்து இறுக்கிவிடுவர். காலமும் கூலியும் மிகுதியாகப் பிடிக்கும் வேலை; பலன் என்னவெனில், நீர் கசிவது அரிது. இம்முறையைக் கண்ட ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியிருக்கின்றார்கள்.

ஆனால் தேக்குக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் கப்பலை ஒருநாளும் கண்டிராத மலைநாட்டு மக்கள். 1806இல் கொம்பனி, வாட்சன் என்னும் படைத்தலைவரை மலையாள நாட்டுக் காடுகளுக்குக் காவலராக நியமித்தது. இந்தியாவில் காட்டுக் காவலர் என்னும் பதவியின் தொடக்கமே இதுதான். காவல் என்பது பெயரளவிலே. உண்மையில் பம்பாய்த் துறைக்குத் தேக்குத் தவறாமல் வந்துசேரச் செய்வதே அவர் கடமை. மரத்தின்மீது தனியுரிமை கொண்டாடினார். காணிக்காரரும் மரவணிகரும் தங்கள் காட்டிலே தங்கள் மரத்தை வெட்ட முடியாதவராயினர். முறைப்பாடுகள் பெருகின. 1823இல் சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ அப்பதவியையே ஒழித்துவிட்டார். அதற்குள் எளிதில் எட்டக்கூடிய பெருமரங்கள் பலவும் ஆற்றுவழியே மிதந்து போய்விட்டன. 1840ஆம் ஆண்டுகளில் கொனொலி என்னும் கலெக்டர் நிலம்பூரிலே தேக்குத் தோட்டம் போடத் தொடங்கியது இந்தக் குறையை நிரப்பவே. முளையாது வாட்டிய தேக்கு விதையை முளைக்கச் செய்து அத்தோட்டத்தை நிலைபெறுத்தியவர் சாத்து மேனன் என்பவர். அன்று நட்ட மரங்களுட் சில இன்றும் நிலம்பூரிலே நிற்கின்றன.

லவ்ஜியின் பேரர் ஜம்செத்ஜி போமன்ஜியின் காலமே பம்பாய்த் துறையின் பொற்காலம். 1804இல் அவருக்கும் கொம்பனியார் வெள்ளி முழக்கோல் அளித்தனர். 1805இல் அவர் நீரில் இறக்கிய போர்க்கப்பல் பின்னர் 'சால்செட்' என்னும் பெயருடன் வடகடல் சென்று, பால்டிக்கின் பனிக்கட்டிகளிடையே சிக்கியும் உடையாமல் மீண்டது. இன்னும் பெரிய கப்பல்களைக் கட்டுதற்பொருட்டு டங்கன் துறை எனப்படும் புதிய துறை எழுந்தது. அதிலிருந்து 1810இல் 74 பீரங்கிகளைத் தாங்கிய 'மிண்டன்' வெளிவந்தது. கடற்போரிலே அணிவகுத்து நின்று பொருதும் பெருங்கப்பல் ஒன்றைப் பிரித்தானியக் கடற்படைக்காக இந்தியக் கைகள் கட்டிக்கொடுத்தது அதுவே முதன்முறை.

இனி நம் திருகோணமலைக் கப்பலுக்கு வருவோம். அதைக் கட்டுவதற்கான ஆணை 1812 ஒக்டோபரில் பிறந்தது. அதன் வரைபடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1782 செப்டெம்பர் 4ஆந் திகதி, அதாவது திருகோணமலைக் கடற்போருக்கு மறுநாள், ஐரோப்பியக் கடலில் ஆங்கிலேயர் 'எபே' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலைச் சிறைப்பிடித்தனர். அதன் வடிவழகில் மயங்கி அதையே அளவெடுத்து ஒரு வகைக் கப்பல்களைக் கட்டலாயினர். அவ்வகையைச் சேர்ந்தது நம் கப்பல். போரின் நினைவாகப் பெயர். போரின் மறுநாள் பிடித்த கப்பலிலிருந்து உருவம்! இவ்வொற்றுமை தற்செயலாக நேர்ந்ததே. எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வரைபடங்களை 'ஜாவா' என்னும் கப்பலில் ஏற்றிப் பம்பாய்க்கு அனுப்பினர். அக்கப்பலிலே பம்பாயில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு கப்பலுக்கு வேண்டிய செப்புத் தகடுகளும் இருந்தன. 1812 டிசெம்பர் 29இல் பிறேசில் நாட்டுக் கடற்பரப்பிலே அமெரிக்கக் கப்பலான 'கொன்ஸ்டிடியூஷன்' அதை எதிர்ப்பட்டு அடித்து நொறுக்கிற்று. வரைபடங்கள் போயின. மறுபடியும் வரைந்து, மறுபடியும் அனுப்பி, அவை வந்து சேர்ந்து, வேலை தொடங்குவதற்குள் 1816 ஆகிவிட்டது. அதற்குள் நெப்போலியன் தோற்றுச் சென் ஹெலினாத் தீவில் அடைபட்டுவிட்டான். எந்தப் போருக்காகக் கேட்கப்பட்டதோ அந்தப் போரே முடிந்த பின்னர்தான் இக்கப்பலின் ஏரா நிலத்தில் வைக்கப்பட்டது.

ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பாகிய அடிமரம். அதை வைக்கும் நாளிலே பார்சி மரபின்படி வெள்ளியாணி ஒன்றை ஜம்செத்ஜி தம் கையால் அறைந்தார். கட்டுவதற்கான செலவு 23,000 பவுண் அளவில் முடிந்தது. நீரில் இறங்கிய கப்பல் இங்கிலாந்து நோக்கிச் செல்லும் வழியில் 1819 ஜனவரியிலே சென் ஹெலினாவில் தங்கியது. அங்கே நெப்போலியனுக்கு மருத்துவம் பார்த்த ஜோன் ஸ்ரோக்கோ என்பவரை ஏற்றிக்கொண்டு ஏப்பிரில் 30இல் போட்ஸ்மத் அடைந்தது. போர் இல்லை, வேலையும் இல்லை. பாய்மரங்களைக் களைந்து சேமத்தில் ஒதுக்கிவிட்டனர். 1847 வரை அது கடலுக்குச் செல்லவில்லை. பின்னர் பத்தாண்டுகள் மேலைத் தீவுகளிலும் பசுபிக் கடலிலும் சேவைசெய்தது. பெரும் போர் எதிலும் அது கலந்துகொண்டதில்லை. அது நெடுநாள் வாழ்ந்ததற்குத் தேக்கு ஒரு காரணம். இந்த ஓய்வு மற்றொரு காரணம் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன் உடன்பிறப்புக்களின் கதை அவ்வாறன்று. 1813இல் ஜம்செத்ஜி கட்டிய 'கோன்வாலிஸ்' கப்பலின் தட்டிலேதான் 1842 ஓகஸ்ட் 29இல் நான்கிங் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. அபினிப் போரிலே தோற்ற சீனம் ஹொங்கொங்கை இழந்தது அன்று. 1815இல் கட்டிய 'வெல்ஸ்லி' 1839இல் கராச்சியைப் பிடித்தது. பிறகு அதே அபினிப் போருக்கும் சென்றது. 1824இல் ஜம்செத்ஜியின் மகன் நவ்ரோஜியின் காலத்தில் வெளிவந்த 'ஏசியா' என்னும் கப்பல் 1827இல் நவரீனோப் போரில் தளபதியின் கப்பலாக நின்று கிரேக்க நாட்டின் விடுதலைக்கு உதவிற்று. ஒரே துறையிற் கட்டிய கப்பல்கள் ஓரிடத்தில் விடுதலைக்கும், பலவிடத்தில் அடிமைப்படுத்துவதற்கும் துணைபோயின. ஆசியாவின் மரமும் ஆசியாவின் கையும் ஆசியாவையே கட்டும் கயிறாயின என்று இன்று நாம் எண்ணுவது இயல்பு. கட்டியவர்கள் அவ்வாறு எண்ணினார்களா? அவர்கள் கொம்பனியின் ஊழியர். தொழிலிற் பிழை வரலாகாது என்பதே அவர்கள் கவலை.

இருந்தாலும் ஜம்செத்ஜியைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. கப்பலொன்றைக் கட்டி முடித்தபோது, வேலையாட்களுக்கு நடுவே அவர் ஒருவர் கண்ணிற் படாத உள்மரத்திலே, சபிக்கப்பட்ட ஒரு கறுப்பன் இதைக் கட்டினான் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரியைச் செதுக்குவித்தாராம். ஆண்டுகள் பல சென்றபின் அக்கப்பல் துறைக்கு வந்தபோது அவரே அதைக் காட்டினாராம். கதை உண்மையோ, பின்னர் புனைந்ததோ, அது எவ்வகை ஏச்சுக்கு விடையாகப் பிறந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. வெள்ளி முழக்கோல் அளித்த அதே துறையிலேதான் அந்த ஏச்சும் காதில் விழுந்திருக்க வேண்டும்.

மரக் கப்பலின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன என்பதை வாடியாக்கள் அறியாமல் இருந்ததில்லை. 1829இல் நவ்ரோஜி 'ஹியூ லின்ட்சே' என்னும் நீராவிக் கப்பலைக் கட்டினார். பொறிகள் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தன. 1830 மார்ச் 20இல் அது பம்பாயிலிருந்து சூயஸ் நோக்கிப் புறப்பட்டது. பயணிகளின் அறைகளிலும் நிலக்கரியை நிரப்பிக்கொண்டு நீர்மட்டம் வரை அமிழ்ந்து சென்றதாம். எனினும் போய்ச் சேர்ந்தது. 1838இல் ஜெகாங்கீர் நவ்ரோஜி, ஹிர்ஜிபாய் மெர்வான்ஜி என்னும் இரு இளைஞர் இங்கிலாந்து சென்று சாட்டம் அரச துறையிலே கப்பற்கலை பயின்றனர். அவர்கள் உறவினர் ஆர்தசீர் கர்செட்ஜி நீராவிப் பொறிகளிலே வல்லவர். 1841இல் லண்டன் அரச கழகத்தின் அங்கத்துவம் பெற்ற முதல் இந்தியர் அவரே. கணித மேதை இராமானுசன் அப்பெருமையைப் பெற்றதற்கு 77 ஆண்டுகள் முந்திய செய்தி இது. அதே ஆண்டு பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியியலாளராக அவர் நியமனம் பெற்றார். ஐரோப்பியப் பொறியாளர் ஓர் இந்தியரின் கீழ் வேலைசெய்ய நேர்ந்தது; அது பலருக்கு உவக்கவில்லை.

ஆகவே, பழைமையைக் கட்டிக்கொண்டு அழுததனால் பம்பாய்த் துறை தேய்ந்தது என்று சொல்வது நேர்மையன்று. அறிவும் ஆளும் இருந்தன. இரும்பாலைகளும் பொறியாலைகளும் இங்கிலாந்திலே பெருகின. கப்பலை எங்கே கட்டுவதென்று முடிவுசெய்யும் அதிகாரமும் லண்டனிலேயே இருந்தது. 1848இல் இறக்கிய 'மியானி' அங்கு கட்டிய அத்தகைய பெருங்கப்பல்களுள் கடைசியானது. 1863இல் கொம்பனி காலத்துக் கடற்படையான இந்தியன் நேவியும் கலைக்கப்பட்டது. அதன்பின் அத்துறை பெரும்பாலும் பழுதுபார்க்கும் இடமாயிற்று. இந்தியா சுதந்திரம் பெற்றபின் இந்தியக் கடற்படையின் துறையாக அது இன்றும் இயங்குகின்றது.

'வெல்ஸ்லி' 1940இல் தேம்ஸ் நதியிலே ஜெர்மானியக் குண்டு விழுந்து மூழ்கியது. 'கோன்வாலிஸ்' ஷீர்னெஸ் துறையிலே தோணித்துறையாகப் பயன்பட்டு 1957இல் உடைக்கப்பட்டது. அதே 1957 ஒக்டோபரில்தான் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. நம் ஊர்ப் பெயர் தாங்கிய கப்பலோ, 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்டும், வீற்லி கொப் என்னும் செல்வரால் மீட்கப்பட்டது. 'பூத்ரோயன்' என்று வேறு பெயர் பூண்டு, இளைஞர்க்குக் கடற்பயிற்சி அளிக்கும் கப்பலாக 1986வரை உழைத்தது. 1987இல் ஹாட்டில்பூல் கொண்டுசெல்லப்பட்டு, 1992இல் தன் பழைய பெயரை மீண்டும் பெற்றது. திருத்த வேலை 2001வரை நீண்டது. திருத்தியவர்கள் பாய்மரங்களையும் தட்டுக்களையும் புதிதாக அமைத்தார்கள். உடலிலோ, ஜம்செத்ஜியின் தச்சர்கள் பொருத்திய மலையாளத் தேக்கின் பெரும்பகுதி அப்படியே இருக்கின்றது. முகப்பிலே, தலைப்பாகை கட்டிய ஓர் ஆடவனின் மரச்சிலை கடலை நோக்கியபடி நிற்கின்றது.